வாங்கும் நிறுவனம் அனுப்பிய பி.ஆர்.எஸ்.ஆர். கோர் படிவம்: சப்ளையர் எப்படி நிரப்புவது?

ஓசூர்_உதிரிபாகம்:

வணக்கம். வாகன உதிரிபாகம் செய்யும் சிறு ஆலை. உத்யம் (சிறுதொழில்) பதிவு உண்டு, பங்குச்சந்தையில் இல்லை. விற்பனையில் 35 சதவீதம் ஒரே பெரிய பட்டியலிட்ட நிறுவனத்துக்குப் போகிறது. செபியின் (பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பி.ஆர்.எஸ்.ஆர். கோர், அதாவது வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையின் மையப் பகுதி என்று சொல்லி அவர்கள் ஒரு எக்செல் அனுப்பியிருக்கிறார்கள். மின்சாரம், பசுங்குடில் வாயு, தண்ணீர், கழிவு, விபத்து விகிதம், பெண்களுக்குக் கொடுத்த சம்பளம் என்று எல்லாம் கேட்கிறார்கள். சட்டப்படி நாங்கள் கொடுத்தே ஆக வேண்டுமா? ஆம் என்றால், சரிபார்க்க வருபவர் நிராகரிக்காத மாதிரி எண்களை எங்கிருந்து எடுப்பது? காற்றாலை மின்சாரமும் வாங்குகிறோம், அதை எப்படிக் காட்டுவது?

பசுமைக்கணக்கர்:

முதலில் சட்டம். செபி கடமை வைத்திருப்பது பட்டியலிட்ட நிறுவனங்கள் மேல்தான். சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். கொடுத்தாக வேண்டும். 2023 ஜூலைச் சுற்றறிக்கை ஒன்பது தலைப்புகளைப் பிரித்து 'கோர்' என்று ஆக்கியது. சப்ளையர் விவரம் கேட்பது முதல் 250 நிறுவனங்களுக்கு மட்டும். அதிலும் கொள்முதலிலோ விற்பனையிலோ தனியாக 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர்களைப் பற்றித்தான். 2025 மார்ச்சில் அதையும் தளர்த்தி, 2025-26 முதல் விருப்பத்தின்பேரில் தரலாம் என்றார்கள். ஆகவே செபி விதி உங்களை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் கொள்முதல் ஒப்பந்தத்தோடு சப்ளையர் நடத்தை விதியில் கையெழுத்துப் போட்டிருந்தால், கேட்கும் தரவைத் தருவோம் என்ற வரி அதில் இருக்கக்கூடும். அதை எடுத்துப் படியுங்கள்.

எண்ணில் கை வைக்கும் முன் எல்லையை எழுதி வையுங்கள்: எந்த ஆலை, எந்த கோடவுன், எந்த 12 மாதம். வெளியே கொடுத்துச் செய்யும் பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் உங்கள் ஸ்கோப் 1 (உங்கள் நேரடி உமிழ்வு), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) இரண்டிலும் வராது, அது ஸ்கோப் 3 (உங்களுக்காக மற்றவர் இடத்தில் நடக்கும் உமிழ்வு). ஆலைக்குள் ஒப்பந்ததாரர் ஓட்டும் ஃபோர்க்லிஃப்டுக்கு உங்கள் டீசல் போனால் அது உங்கள் ஸ்கோப் 1.

ஸ்கோப் 1 என்பது நீங்களே எரிப்பதும் கசியவிடுவதும். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, எல்.பி.ஜி. கிலோவுக்கு 2.98 கிலோ கரியமில வாயு என்று எடுக்கலாம். 12,000 லிட்டர் டீசல் 32.2 டன், 24 டன் எல்.பி.ஜி. 71.5 டன். லிட்டரை பங்க் பில்லிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஆரம்ப இருப்பு, கூட்டல் வாங்கியது, கழித்தல் கடைசி இருப்பு என்று ஸ்டோர் பதிவோடு பொருத்துங்கள். பலரும் விட்டுவிடுவது ஏசி வாயு. ஆர்-410ஏ 5 கிலோ நிரப்பியிருந்தால் அதுவே சுமார் 10 டன்னுக்குச் சமம். சர்வீஸ்காரரின் பில்லில் கிலோ போட்டுத் தரச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு வாங்கும் கரியமில வாயு சிலிண்டரும் இதே கணக்கில் வரும்.

இனி மின்சாரம், உங்கள் காற்றாலைக் கேள்வி. எச்.டி. (உயர் அழுத்த மின் இணைப்பு) பில்லில் காற்றாலை யூனிட்டைக் கழித்தபின் மிஞ்சும் எண்ணையே மொத்த நுகர்வு என்று போட்டுவிடுவார்கள். அது தவறு. மீட்டரில் ஓடிய மொத்த யூனிட்தான் ஆற்றல் நுகர்வு. அதற்குள் காற்றாலையைப் புதுப்பிக்கத்தக்கது என்று பிரித்துக் காட்டுங்கள். மொத்தம் 18 லட்சம் யூனிட் என்றால் 6,480 கிகாஜூல். மத்திய மின்சார ஆணையத்தின் கிரிட் காரணி (பொது மின்கட்டமைப்பின் மின்சாரத்துக்கு ஆகும் சராசரி உமிழ்வு) 2023-24க்கு மெகாவாட் மணிக்கு 0.727 டன். இட அடிப்படையில் (யாரிடம் வாங்கினாலும் கிரிட் சராசரிப்படி) முழுவதையும் பெருக்கினால் 1,308.6 டன் வரும். அதில் 6 லட்சம் யூனிட் காற்றாலை என்றால், சந்தை அடிப்படையில் (நீங்கள் வாங்கிய மின்சாரத்தின் வகைப்படி) 872.4 டன். எந்த முறை, எந்த ஆண்டுப் பதிப்பு என்று அடிக்குறிப்பில் எழுதாமல் விட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிடவே முடியாது.

இன்னொரு பொறி ஜெனரேட்டர். டீசலை எரிபொருளாகக் கணக்கில் எடுத்தபின், ஜெனரேட்டர் தந்த யூனிட்டை மின்சாரத்தில் மறுபடி கூட்டக் கூடாது. ஒரே ஆற்றல் இரண்டு முறை ஏறிவிடும்.

நொய்யல்கரை:

தண்ணீருக்கும் கழிவுக்கும் நான் சொல்கிறேன்.

தண்ணீரில் மூன்று எண்கள்: எடுத்தது, வெளியேற்றியது, நுகர்ந்தது. எடுத்ததில் வெளியேற்றியதைக் கழித்தால் நுகர்வு. போர்வெல்லுக்கு ஃப்ளோ மீட்டர், டேங்கருக்கு இன்வாய்ஸ். 'டேங்கர் 1 லோடு' என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது, கொள்ளளவு அதில் இருக்க வேண்டும். சுத்திகரித்து உள்ளேயே திரும்பப் பயன்படுத்தும் நீரை எடுத்த நீரில் கூட்டாதீர்கள், ஒரே லிட்டரை இரண்டு தடவை எண்ணுவதாகிவிடும். சொந்தத் தோட்டத்துக்கு விடும் சுத்திகரித்த நீர் வெளியேற்றம் ஆகாது, நுகர்வில் சேரும். எடுத்த நீர் முழுவதும் வெளியேற்றம் என்று காட்டி நுகர்வைப் பூஜ்யம் ஆக்கிய படிவங்களும் வருகின்றன. கூலிங் டவர் இருக்கும் ஆலையில் அது நடக்கவே நடக்காது.

கழிவுக்குப் புதிதாக எதையும் அளக்க வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஜூன் 30க்குள் கொடுக்கும் படிவம் 4 (அபாயக் கழிவு ஆண்டறிக்கை) இருக்கிறது. லாரியோடு போன படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவை அனுப்பிய சீட்டு) நகல்கள் இருக்கின்றன. செப்டம்பர் 30க்குள் கொடுக்கும் படிவம் 5 சுற்றுச்சூழல் அறிக்கையும் இருக்கிறது. மூன்றிலும் உள்ள டன், எக்செலில் உள்ள டன்னோடு ஒத்துப்போக வேண்டும். சரிபார்ப்பவர் முதலில் நீட்டிக் கேட்பது இவற்றைத்தான். பெரும்பாலும் இடிப்பது ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சேறு: ஆலைப் பதிவில் உலர்ந்த எடை, மேனிஃபெஸ்டில் ஈர எடை. எது என்று குறித்துவிடுங்கள், மழுப்பாதீர்கள். சேறு நிலநிரப்புக்குப் போனால் அகற்றல், சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போனால் மீட்பு. இரும்புத் தூள், கட்டிங் எல்லாம் மறுசுழற்சி. எடைமேடைச் சீட்டைப் பழைய இரும்பு வியாபாரியிடம் விட்டுவிடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாப்_ஃப்ளோர்:

விபத்து விகிதத்தில் நடக்கும் தவறு மனிதர்களையே கணக்கிலிருந்து மறைத்துவிடுகிறது, அதனால் இதில் கறாராக இருங்கள். பி.ஆர்.எஸ்.ஆர். கேட்பது 10 லட்சம் மனித மணிக்கு எத்தனை வேலையிழப்புக் காயம் (வேலைக்கு வர முடியாமல் செய்த காயம்) என்று. 8 லட்சம் மணி வேலை, 2 காயம் என்றால் 2.5. அமெரிக்க முறையில் 2 லட்சம் மணியால் பெருக்கினால் அதே ஆலை 0.5 என்று அழகாகத் தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போட்ட எண்ணை அப்படியே ஒட்டுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் மணியும் காயமும் இரண்டுமே உள்ளே வர வேண்டும். மணியைச் சேர்த்துக் காயத்தை விட்டால் விகிதம் பொய்யாகக் குறையும். ஒப்பந்ததாரரின் மஸ்டர் ரோலை அவர் கட்டிய இ.எஸ்.ஐ., பி.எஃப். சலானில் உள்ள தலை எண்ணிக்கையோடு பொருத்துங்கள். ஓவர்டைம் மணியையும் சேருங்கள். தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிப்பது 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத விபத்துகளை. ஒரு ஷிஃப்ட் மட்டும் இழந்தாலும் அது வேலையிழப்புக் காயம்தான். ஆகவே ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் எண்ணிக்கை குறையும். முதலுதவிப் பதிவேட்டையும் மறுநாள் வருகைப் பதிவையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பெண்கள் சம்பளம் தலை எண்ணிக்கை அல்ல. மொத்தச் சம்பளத்தில் அவர்களுக்குப் போன ரூபாயின் சதவீதம்.

பசுமைக்கணக்கர்:

செறிவு பற்றி ஒன்று சேர்க்கிறேன். படிவம் விற்றுமுதல் ரூபாய்க்கு எவ்வளவு உமிழ்வு என்று கேட்கும். மேலே சொன்ன டீசல், எல்.பி.ஜி., மின்சாரம் மூன்றை மட்டும் இட அடிப்படையில் கூட்டினால் சுமார் 1,412 டன். விற்றுமுதல் 80 கோடி என்றால் கோடிக்கு 17.65 டன். எஃகு விலை ஏறி, அதே எண்ணிக்கைப் பொருளுக்கு 96 கோடி பில் போட்டால் 14.7 டன். ஆலையில் ஒரு மோட்டாரைக்கூட மாற்றாமல் 17 சதவீதம் 'முன்னேற்றம்'. வாடிக்கையாளரே எஃகு கொடுத்து நீங்கள் கூலி மட்டும் வாங்கினால் எதிர்ப்பக்கமாக ஏறும். அதனால் டன் உற்பத்திக்கு எவ்வளவு என்பதையும் கட்டாயம் கொடுங்கள். என் பார்வையில் நம்பத்தக்க செறிவு அது ஒன்றுதான்.

ஓசூர்_உதிரிபாகம்:

மிக்க நன்றி. எக்செலில் ஆலை முழுவதின் எண்ணையும் கேட்கிறார்கள். அவர்களுக்குப் போவது 35 சதவீதம்தானே?

பசுமைக்கணக்கர்:

அவர்களோடு நடக்கும் வியாபாரத்துக்கு உரிய பங்கைக் கொடுத்தால் போதும். முழு ஆலை எண்ணைக் கொடுத்தால் ஐந்து வாடிக்கையாளர்கள் ஒரே டன்னை ஐந்து தடவை எண்ணுவார்கள். அவர்களுக்குப் போன பொருளின் எடை விகிதத்தில் பிரியுங்கள். எடை பொருந்தாத இடத்தில் மட்டும் விற்பனை விகிதம். முறையை ஒரு வரியில் எழுதி, ஆண்டுதோறும் மாற்றாமல் வையுங்கள். காற்றாலை யூனிட்டுக்கு உற்பத்தியாளர் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் எடுத்து விற்றிருந்தால் அந்தப் பசுமைக் கணக்கு வாங்கியவருக்குப் போய்விட்டது, நீங்கள் கோர முடியாது. விற்கவில்லை என்று கடிதம் வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

நொய்யல்கரை:

கூடவே அந்த நிறுவனத்தின் சொந்த அறிக்கையையும் திறந்து பாருங்கள். கோர் பகுதியில் கொள்முதல் பாக்கியை எத்தனை நாளில் தீர்க்கிறார்கள் என்று அவர்களும் சொல்லியாக வேண்டும். அது எல்லா சப்ளையருக்கும் சேர்த்த சராசரி. எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டக் கூடாது. உங்கள் லெட்ஜரில் எத்தனை நாள் ஆகிறது என்று கணக்குப் போட்டு, எக்செலைத் திருப்பி அனுப்பும் அதே மின்னஞ்சலில் அந்த எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.