சீலிங்கில் ஓட்டம், அலமாரியில் புழுக்கை: வந்திருப்பது எந்த எலி, எப்படி விரட்டுவது?

செம்பருத்தி (பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா):

வணக்கம். எங்கள் வீடு தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) கடைசி வரிசையில் இருக்கிறது. பின்வேலியைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம். பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு தொடங்கியதிலிருந்து எலித் தொல்லை தாங்கவில்லை.

இரவு விளக்கை அணைத்ததும் சீலிங்கில் ஓட்டம் ஆரம்பித்துவிடும். எதையோ கரகரவென்று கொறிக்கும் சத்தமும் கேட்கிறது. அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் புழுக்கை கிடக்கிறது. பருப்புப் பாக்கெட்டில் ஓட்டை, குளிக்கும் சோப்பில் பல் தடம். சாமி மேடையில் எண்ணெய் ஊறிய திரி இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. அணைக்காமல் விட்ட விளக்காக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறாள். அம்மாவுக்குப் பல வருடங்களாக இனிப்பு நீர் (நீரிழிவு), பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஹார்ட்வேர் கடையில் நீல நிற மருந்துக் கட்டியைக் காட்டி, சீலிங்கில் நாலு மூலையிலும் போடச் சொன்னார்கள். சொந்தக்காரர் ஒருவர் பிளக்கில் செருகும் சத்தக் கருவியை வாங்கச் சொல்கிறார். அம்மாவோ பிள்ளையார் வாகனத்தைக் கொல்லக் கூடாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் செய்வது?

மூங்கில்காடு:

மருந்து வாங்கும் முன் புழுக்கையை அளந்து பாருங்கள். எவ்வளவு நீளம், முனை கூராக இருக்கிறதா மொட்டையாக இருக்கிறதா, அடுப்படியிலும் சீலிங்கிலும் ஒரே மாதிரியா? கையால் தொடாதீர்கள், பக்கத்தில் அடிக்குச்சியை வைத்துப் படம் எடுத்தால் போதும். சாயங்கால நேரத்தில் சுவரோரமாகக் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

செம்பருத்தி:

பார்த்தேன். அடுப்படியில் உள்ளது அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், கூரான முனை. சீலிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது தெரிந்தது பெரியது, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டு முனையும் கூர். அங்கே உத்திரத்தில் அழுக்கு எண்ணெய் தடவியது போலக் கறுப்புத் தடம் நீளமாக ஓடுகிறது. நீங்கள் சொன்ன கீச் சத்தமும் உண்டு. குளியலறைப் பக்கம் மூக்கு நீண்ட ஒன்று சுவரை ஒட்டியே ஓடுகிறது, நாற்றமும் அடிக்கிறது.

பழைய கிராணி:

தங்கச்சி, உங்கள் வீட்டில் மூன்று பிராணிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் எதுவும் போகாது. தோட்டத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடுப்படியில் இருப்பது சுண்டெலி. 20 கிராம் கூட இருக்காது. உணவு இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அலமாரிக்குப் பின்னாலோ பழைய துணி மூட்டையிலோ கூடு கட்டும். கூட்டை விட்டு அதிக தூரம் போகாது, பத்து மீட்டருக்குள்தான் அதன் உலகம். சீலிங்கில் ஓடுவது கூரை எலி. உடம்பைவிட வால் நீளம், காது பெரியது, மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். உத்திரத்தில் நீங்கள் பார்த்த கறுப்புத் தடம் தினமும் ஒரே வழியில் போய்வரும் அதன் உடம்பு அழுக்கு. லோங்காங்கில் (வடிகாலில்) இருக்கும் பெரிய சாக்கடை எலியின் புழுக்கை 2 சென்டிமீட்டர் வரை போகும், முனை மொட்டை. நீங்கள் சொன்னதில் அது இல்லை, நல்லது.

குளியலறையில் கத்துவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சி, புழுவைத் தின்று பிழைப்பது. உங்கள் பருப்பைக் கடித்ததும் சோப்பைக் கொறித்ததும் அது இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், அதைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் போகும் ஓட்டைக்குச் சல்லடை மூடி போட்டு, கதவடி இடுக்கையும் அடைத்துவிட்டால் அது வெளியிலேயே இருந்துகொள்ளும்.

மறுநடவுதான் காரணம் என்று நீங்கள் நினைப்பது சரி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு என்ன குறை? பழம் இருக்கிறது, அடுக்கிவைத்த மட்டைக்குள் வீடு இருக்கிறது. ஆண் பூவில் இருக்கும் வண்டுப் புழுவைக் கூடத் தோண்டித் தின்னும். அந்த வண்டு 1981இல் மகரந்தச் சேர்க்கைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. 25 வருட மரத்தை ஒரேயடியாகச் சாய்த்ததும் சாப்பாடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் வெளிச்சமும் குப்பைத் தொட்டியும் இருக்கும் இடம் தாமான்தான். நம் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நட்டார்கள். இந்த மண்ணில் செம்பனையும் எலியும் சேர்ந்தே நூறு வருடம் தாண்டிவிட்டன. அதனால் எலியே இல்லாமல் செய்வது நம் கையில் இல்லை. வீட்டுக்குள் வராமல் செய்யலாம்.

ஆகவே முதல் வேலை, வழி தேடுவது. பகலில் சீலிங் மூடியைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். கூரை ஓடு சுவரைத் தொடும் இடம், வயர் உள்ளே வரும் ஓட்டை, சிங்க் பைப் சுவருக்குள் போகும் இடம், ஏர்கோன் குழாய் இடுக்கு, இவைதான் வழக்கமான வாசல்கள். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் இடம், அதாவது 6 மில்லிமீட்டர், போதும். கூரை எலிக்கு 12 மில்லிமீட்டர் இருந்தால் தலையை விட்டுப் பார்க்கும். சந்தேகமான ஓட்டையில் நாளிதழைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். காலையில் தள்ளிக் கிடந்தால் அதுதான் வழி. தரையில் முகப்பவுடரைத் தூவி வைத்தாலும் கால் தடம் காட்டிக்கொடுக்கும்.

கூரையைத் தொடும் மாமரக் கிளையோ முருங்கைக் கிளையோ இருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வரும்படி வெட்டிவிடுங்கள். ஓட்டையை அடைக்கப் பஞ்சு, பிளாஸ்டிக், நுரை எதுவும் ஆகாது, கடித்துவிடும். 6 மில்லிமீட்டருக்கும் சிறிய கண் உள்ள கம்பி வலையை மடித்துச் செருகி மேலே சிமெண்ட் பூசுங்கள். சாதாரண இரும்பு நார் நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்டது அங்கேயே செத்து நாறும். முதலில் பொறி, கூடவே மற்ற ஓட்டைகள், கடைசியாக அவை அதிகம் பயன்படுத்தும் வாசல்.

பொறி விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். சுண்டெலிக்குப் புதுப்பொருள் என்றால் ஆசை, முதல் இரவே மாட்டும். மாட்டாவிட்டால் இடத்தை மாற்றுங்கள், ஒன்றுக்குப் பதில் நாலைந்து பொறியை இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். கூரை எலி புதிதாக எதைக் கண்டாலும் ஒதுங்கிப் போகும். அதற்குப் பொறியைப் பூட்டாமல், தீனி மட்டும் வைத்து, அந்தக் கறுப்புத் தடத்தின் மேலேயே சில இரவு விட்டுவிடுங்கள். பயம் தெளிந்து தீனி குறையத் தொடங்கியதும் பூட்டுங்கள். அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனித் தட்டு சுவரை ஒட்டி இருக்கும்படி வைக்க வேண்டும். எலி சுவரை உரசிக்கொண்டே போவதால் நடுத்தரையில் வைத்தால் வீண். தீனி பட்டாணி அளவு போதும். சுட்ட கருவாடு, சுட்ட தேங்காய், கச்சான் (நிலக்கடலை) வெண்ணெய் மூன்றும் நன்றாக வேலை செய்யும். குழந்தை கை எட்டாத இடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைத்தெரு:

இவ்வளவு வேலை எதற்கு அண்ணே? மருந்துக் கட்டி போட்டால் நாலு நாளில் முடிந்துவிடும். இல்லையென்றால் பசை அட்டை. வேலைக்குப் போகிறவர்கள் கூரை ஏறி ஓட்டை தேட முடியுமா?

பழைய கிராணி:

தம்பி, வேலைக்குப் போகிறவர்களின் சிரமம் புரிகிறது. ஆனால் சீலிங்கில் மருந்து போட்டால் பிறகு படும் பாடு அதைவிடப் பெரியது. அந்தக் கட்டி இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்துத்தான் சாகும். எங்கே போய்ச் சாகும் என்று யாருக்கும் தெரியாது. அஸ்பெஸ்டாஸ் சீலிங்கில் கை எட்டாத மூலையில் செத்தால் நாற்றமும் ஈயும் வீட்டையே காலி செய்ய வைக்கும். எலி கட்டியை இழுத்துக்கொண்டு வந்து கீழே போடுவதும் உண்டு, அங்கே தவழும் குழந்தை இருக்கிறாள்.

தோட்டங்களில் இதே பாடத்தைப் படித்தாகிவிட்டது. வார்ஃபரின் என்ற பழைய எலி மருந்தை வருடக்கணக்கில் போட்டதால் அதற்குச் சாகாத எலிகள் வந்தன. அடுத்து வந்த கடுமையான மருந்துகளைத் தின்ற எலியைப் பிடித்த கூகை ஆந்தைகள் செத்தன. கூகைக்கென்றே கம்பத்தில் பெட்டி வைத்து வளர்த்துவிட்டு, மறுபக்கம் மருந்தால் அதையே கொல்வது எவ்வளவு பெரிய நட்டம். இரவில் உங்கள் வேலிப்பக்கம் வெள்ளையாக ஒன்று பறந்தால் அதை விரட்டாதீர்கள், நமக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன் அது.

மருந்துதான் வேண்டும் என்றால் வீட்டுக்கு வெளியே, பூட்டுப் போட்ட பெட்டிக்குள், சுவரோரமாக. யாராவது வாயில் வைத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இந்த வகை மருந்துக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு, எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியாகக் கொடுக்க முடியும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் வழிகாட்டும்.

பசை அட்டையை நான் விரும்புவதில்லை. உயிரோடு மணிக்கணக்கில் துடித்து, மலமும் சிறுநீரும் அட்டை முழுக்கத் தெறிக்கும். மூஞ்சூறும் பல்லியும்தான் அதில் அதிகம் ஒட்டும். சத்தக் கருவிக்குக் காசைச் செலவழிக்காதீர்கள், எலி சீக்கிரம் பழகிவிடும்.

கிளினிக் அக்கா:

செம்பருத்தி, எலி பிடிப்பதைவிட நீங்கள் சுத்தம் செய்யும் விதம் எனக்குக் கவலை. புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வேக்குவம் கிளீனரும் போடாதீர்கள். காய்ந்த தூசி மூக்குக்குள் போகும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம் விடுங்கள். ரப்பர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு குளோரொக்ஸுக்கு (வெளுப்புத் திரவம்) பத்துப் பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறிய பிறகு டிஸ்யூவால் எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். செத்த எலிக்கும் இதே முறை, இரண்டு பை. குளோரொக்ஸை வேறு கழுவும் மருந்தோடு கலக்க வேண்டாம்.

கென்சிங் தீக்குஸ் என்று பயப்படுகிறோமே, அந்த லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி எலிச் சிறுநீரில் வெளியேறி, ஈரமான இடத்தில் தங்கி, தோலில் உள்ள கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ நுழைகிறது. மூஞ்சூறும் அதைச் சுமக்கலாம், அதனால் அதன் எச்சத்தையும் இப்படியே சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தெரியும். தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் தொட்டாலே வலி இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காதீர்கள். டெங்கி போலவே தொடங்குவதால், வீட்டில் எலி இருக்கிறது, நான் சுத்தம் செய்தேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் ஆன்டிபயாட்டிக் நன்றாகக் கேட்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறையும் வரை விட்டால் ஆபத்து. மலேசியாவில் 2010 முதல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

அம்மாவுக்காக ஒன்று. உணர்ச்சி குறைந்த பாதத்தை எலி கடித்தால் தூக்கத்தில் தெரியாது. படுக்கும் முன் காலில் உணவு, எண்ணெய் மணம் இல்லாமல் கழுவித் துடைத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். தினமும் காலையில் விரலிடுக்குவரை நீங்களே பாருங்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி கிளினிக்குக் கூட்டிவாருங்கள்.

லோரி டிரைவர்:

காடி (கார்) வயரையும் பாருங்கள். எனக்கு என்ஜினுக்குள் கோழி எலும்பும் காய்ந்த மட்டை நாரும் கிடந்தன. வேலியோரம் நிறுத்துவதை விட்டு வெளிச்சமான இடத்துக்கு மாற்றிய பிறகு குறைந்தது. அப்புறம் பூனைக்கு வைக்கும் சோற்றை இரவில் வெளியே விடாதீர்கள், எலிதான் சாப்பிடும்.

செம்பருத்தி:

எல்லோருக்கும் நன்றி. மருந்து வாங்கவில்லை. அரிசி, பருப்பு எல்லாம் மூடி போட்ட டின்னுக்கு மாறிவிட்டன. திரியும் எண்ணெயும் இரவில் டப்பாவுக்குள் போகின்றன. அலமாரியில் பொறி வைத்ததில் சுண்டெலிகள் மாட்டின, இப்போது புதுப் புழுக்கை இல்லை. மூஞ்சூறுக்குச் சல்லடை போட்டதில் அம்மாவுக்கும் சந்தோஷம். பின்வரிசை வீடுகள் சேர்ந்து லோங்காங்கையும் சுத்தம் செய்தோம். சீலிங்கில் ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பகலில் ஒரு மூலையில் மெல்லிய கீச்சுக் குரல் கேட்கிறது. கடைசி ஓட்டையை இப்போது அடைக்கலாமா அண்ணே?

பழைய கிராணி:

இப்போது அடைக்காதீர்கள் தங்கச்சி. அது குட்டிகள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளே வர எதையும் கடித்துப் பிய்க்கும், குட்டிகள் அங்கேயே சாகும். அந்த மூலைக்குப் பக்கத்தில் தடத்தின் மேல் பொறியை வைத்துத் தாயைப் பிடியுங்கள். பிடித்த அன்றே கையுறையோடு கூட்டை எடுத்துவிடுங்கள், தாமதித்தால் நாற்றம் வரும். கை எட்டாவிட்டால் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிடுங்கள், அஸ்பெஸ்டாஸை நீங்களே உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். பிறகு வாசலில் பவுடரைத் தூவி ஒரு வாரம் பாருங்கள். தடம் விழவில்லை என்றால் வலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். பொறிகளை மட்டும் மறுநடவு முடியும்வரை எடுக்காதீர்கள்.