தெரு வடிவமைப்புப் பயிற்சி: போனவர்களும், தெருவில் நின்று பார்த்தவர்களும் எழுதுங்கள்

புழையோரம் (கொழிஞ்சாம்பாறை)

நானே தொடங்குகிறேன். வண்டி போகும் வழி, மக்கள் நிற்கும் இடம் என்று இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுத் தெருவை வரையும் முறை இங்கே பலருக்கும் தெரியும். லண்டனில் பீட்டர் ஜோன்ஸும் கூட இருந்தவர்களும் 2007-ல் எழுதி வைத்தது. அதில் ஒவ்வொரு தேவைக்கும் எவ்வளவு அகலம் வேண்டுமோ அந்த அளவுக்கு வெட்டிய வண்ண அட்டைப் பட்டைகளை மேப் மேல் அடுக்குவோமே, அந்த மதியம்தான் எனக்குள் இன்னும் ஓடுகிறது.

எங்கள் மேசைக்கு வந்தது பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கடைவீதி. சுவருக்குச் சுவர் 12 மீட்டர். வண்டி ஓட 7, இரண்டு பக்கமும் நடைபாதை 1.8, கார் நிறுத்த 2, காய்கறிக் கடை போட 1.5. கூட்டினால் 14.1. பட்டைகள் மேப்பைத் தாண்டி வெளியே நின்றன. எல்லாரும் அடுத்தவர் பட்டையைத்தான் எடுக்கப் பார்த்தார்கள். ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன் காய்கறிப் பட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்.

அதுவரை வாயே திறக்காத காய்கறிக்கார அக்கா அதை எடுத்து, கார் நிறுத்தும் பட்டையின் மேலேயே வைத்தார். “நானு விடியக்காலம் வந்து பத்து மணிக்கெல்லாம் கெளம்பீருவனுங்க. அந்நேரத்துக்கு ஆருங்க காரு நிறுத்தறாங்க? நானு போனப்பறம் நிறுத்திக்கட்டும்.” 14.1 ஒரே நொடியில் 12.6 ஆனது. மீதி 0.6-ஐ வண்டி ஓடும் 7-லிருந்து எடுத்தோம். 6.4 மீட்டரில் இரண்டு பஸ் எதிரெதிரே மெதுவாகத் தாராளமாகப் போகும். கணக்கு சரியாக உட்கார்ந்தது. பயிற்சி கொடுத்தவர் எழுந்து நின்று கைதட்டினார்.

அப்புறம் ரிப்போர்ட் வந்தது. தெருவைச் சுவருக்குச் சுவர் வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தில் கார் பார்க்கிங் மட்டும் இருக்கிறது. படம் பகல் ஒரு நேரத்தைத்தான் காட்டும், அதில் மணி போட இடம் கிடையாது என்றார்கள். இடத்தைக் காப்பாற்றிய யோசனை அந்த அக்காவுடையது. படத்தில் இல்லாமல் போனதும் அவர்தான். இதை என்னால் விட முடியவில்லை.

சந்தைப்பக்கம் (மார்த்தாண்டம்)

புழையோரம் அண்ணா, உங்கள் மேசைக்காவது அந்த அக்காவைக் கூப்பிட்டார்கள். எங்கள் பயிற்சியில் தெருவில் நடக்கிற ஒருவரையும் கூப்பிடவில்லை. கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து ஒரு சிக்னலில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

எந்த ஊர், எந்தச் சந்திப்பு என்பது வேண்டாம். சாலை அகலம் 14 மீட்டர். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பச்சை நேரம் போடுவது வழக்கம். அப்படியானால் 12 நொடி போதும். நான் நின்ற நேரத்தில் மரச்சீனிக் (மரவள்ளிக்) கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி இறங்கினார். முக்கால்வாசி போகும் முன்னே வண்டிக்குப் பச்சை விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஹாரன். பாட்டி அசையாமல் நின்று, முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, “மக்ளே, இது ஆருக்க பச்சை?” என்று கேட்டார். நான் ஓடிப்போய்க் கூடையைப் பிடித்தேன். கையிலிருந்த வாட்ச் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் எல்லாருடைய நேரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். சராசரி 1.2-க்குப் பக்கத்தில்தான் வந்தது, ஏனென்றால் காலையில் அங்கே நடந்தவர்களில் பாதிக்கு மேல் காலேஜ் பிள்ளைகள். அந்தப் பாட்டி சராசரிக்குள் காணாமல் போய்விட்டார். சிக்னலுக்குச் சராசரி பார்க்கவே கூடாது, மெதுவாக நடப்பவரைத்தான் பார்க்க வேண்டும். நான் அன்று சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இன்னொன்று. எங்கள் ஊரில் மேம்பாலம் வந்துவிட்டது. வெளியூர் வண்டி மேலே போகிறது. அப்படியென்றால் கீழ் ரோட்டுக்கு இனி என்ன மதிப்பெண்? ‘வழி’ குறைந்து ‘இடம்’ கூட வேண்டாமா? இப்படி ஒரு ரோட்டை விட்டுவிட்டு வகுப்பறையில் லண்டன் படத்தையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்ரஹாரத்துப் பேத்தி (கல்பாத்தி)

நான் பயிற்சிக்குப் போனவள் இல்லை. பயிற்சி எங்கள் தெருவுக்கு வந்தது. பிள்ளைகள் கையில் பலகையும் தாளுமாக வந்து, யார் நடக்கிறார், யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள். பாட்டி வழக்கம்போலத் திண்ணையில். ஒரு பெண் தன் தாளில் ஏதோ கோடு போட்டதைப் பார்த்துவிட்டு, “என்னையும் எழுதிண்டியா, கொழந்தே?” என்றாள் பாட்டி. அந்தப் பெண் தாளைத் திருப்பிக் காட்டியது. ‘உட்கார்ந்திருப்பவர்’ என்ற கட்டத்தில் ஒரே ஒரு கோடு. பாட்டி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். “இந்த ரோட்டிலே காரை எண்ணிண்டு போவா. மனுஷாளை எண்ணி நான் பார்த்ததில்லே.”

பாட்டி இப்போது இல்லை. அந்தத் தாள் எங்கே இருக்கிறதோ.

சந்தைப்பக்கம் அக்கா, லண்டன் படத்தைக் காட்டினால் என்ன தப்பு? அந்தப் பெண் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் வண்டி கூடினால் அக்கம்பக்கத்துப் பழக்கம் என்ன ஆகிறது என்று ஆப்பிள்யார்டு என்பவர் செய்த ஆராய்ச்சியைச் சொன்னது. சான்பிரான்சிஸ்கோவில் மூன்று தெரு. நாளைக்கு 2000 வண்டி போகிற தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரி மூன்று சிநேகிதர். 16000 வண்டி போகிற தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9. பாட்டிக்கு அது உடனே புரிந்தது. ஒவ்வொரு வீடாக விரல் நீட்டி யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வெளிநாட்டு விஷயமாக இருந்தாலும் நம் திண்ணையில் வைத்துச் சொன்னால் ஒட்டிக்கொள்கிறது.

ஐப்பசித் தேருக்கு யானை பின்னால் நின்று முட்டித் தள்ளும் தெரு இது. அந்த நாளில் வண்டி ஒன்றும் வராது, யாரும் குறை சொல்வதும் இல்லை. மற்ற நாளிலும் கொஞ்சம் வண்டி குறைந்தால் என்ன என்று கேட்டால்தான் சண்டை.

மட்டப்பலகை (செங்கோட்டை)

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது சின்ன விஷயம். பயிற்சியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நடைபாதை உயரத்தை அளக்கச் சொன்னார்கள். ஸ்கேல் வைத்தால் ஒன்றரை அடி. புத்தகப் பையோடு ஒரு பொடியன் முழங்காலை ஊன்றி ஏறி வந்து, “எங்க அம்மா இதுல ஏற மாட்டாங்க, ரோட்லதான் வருவாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

சரி, இளைஞர்கள் படிக்கிற இடம் என்பதால் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். நடைபாதை விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டியான ஐஆர்சி 103 தெளிவாகச் சொல்கிறது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு உயர்த்தி, அதற்கேற்ப நடைபாதையையும் ஏற்றிக்கொண்டே போவதால்தான் ஒன்றரை அடி வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட எஸ்டிமேட்டிலேயே எழுதுங்கள், பிறகு கெஞ்ச வேண்டாம்.

1.8 மீட்டர் என்பது தடையில்லாத அகலம். மரம், ஈபி கம்பம், விளம்பரப் பலகை எல்லாம் அதற்கு வெளியே இருக்க வேண்டும். புழையோரம் தம்பி, உங்கள் கணக்கில் கம்பத்துக்கு இடம் எங்கே? கடை வாசலில் ஆள் நின்று பேரம் பேச இடம் எங்கே? கடைவீதியில் 1.8 பற்றவே பற்றாது.

வீட்டு கேட் வரும் இடத்தில் நடைபாதை இறங்கக் கூடாது, கார்தான் ஏறி இறங்க வேண்டும். இறக்கி இறக்கிக் கட்டினால் வயதானவர்கள் ரோட்டில்தான் நடப்பார்கள். தெரு திரும்பும் மூலையைப் பெரிய வளைவாக வைக்காதீர்கள், இறுக்குங்கள், வண்டி தானாக வேகத்தைக் குறைக்கும். மக்களும் வண்டியும் கலக்கிற இடத்தில் 30 கிலோமீட்டர்தான் என்று 2020-ல் சாலைப் பாதுகாப்புக்கான ஸ்டாக்ஹோம் பிரகடனமே சொல்லிவிட்டது. போர்டு நட்டால் வேகம் குறையாது, வடிவம்தான் குறைக்கும். சந்தைப்பக்கம் அம்மா, பச்சை நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. நடுவில் கூடையோடு நிற்க இடம் கட்டச் சொல்லுங்கள், 2 மீட்டராவது அகலம் வேண்டும்.

கணக்கெடுப்பைச் சந்தை நாளிலும் எடுங்கள், சாதாரண நாளிலும் எடுங்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014 சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நேரம் பிரித்து விற்பதற்கும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. அந்தக் காய்கறி அம்மாவுக்காக நீங்கள் வருத்தப்படுவதை விட, அதன்படி மனு எழுதிக் கொடுங்கள்.

குமுளி ரூட் (கம்பம்)

மட்டப்பலகை சார், மூலையை இறுக்குங்கள் என்று எழுதிவிட்டீர்கள். அதில் வண்டியைத் திருப்புகிறவன் நான். ஒரு பயிற்சிக்கு பஸ்ஸோடு வரச் சொன்னார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோன் வைத்து, நீங்கள் சொன்ன மாதிரி இறுக்கமான மூலை. முன் சக்கரம் அழகாகப் போனது. பின் சக்கரம் உள்ளே இழுத்து கோன் மேல் ஏறியது. நிஜத் தெருவாக இருந்தால் அங்கே ஆள் நிற்பார். ஏறாமல் திருப்ப வேண்டுமென்றால் எதிர் லேனுக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். அதற்கு எதிரே வருகிற வண்டி நிற்கும் கோட்டைப் பின்னால் தள்ளிப் போடுங்கள். மூலையை மட்டும் இறுக்கிவிட்டுக் கோட்டை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இன்ஜினியர் பொண்ணு ஒருத்தி சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். ஏற்றிவிட்டேன். அவளோடு வந்தவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் போய், சின்னப் பிள்ளை உயரத்துக்குக் குனிந்து நின்றார்கள். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, “அண்ணா, எல்லாரும் எங்க போயிட்டாங்க?” என்றாள். பம்பருக்கு முன்னால் அத்தனை பேர். ஒருத்தர் தலைகூடத் தெரியவில்லை.

கார்த்திகை, மார்கழியில் குமுளி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. மாலை போட்ட சின்னக் கன்னிச்சாமிகள் பஸ்ஸுக்கு முன்னால்தான் ஓடிக் கடப்பார்கள். சீசன் வந்தால் வண்டியை எடுக்கும் முன் அந்தப் பொண்ணு கேட்டதுதான் காதில் கேட்கிறது. கிளீனர் இல்லாத வண்டியில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு முன்பக்கமே கடக்கும் இடத்தைக் கோடு போட்டு வைக்கிறீர்களே, அதை பஸ்ஸுக்குப் பின்னால் மாற்றுங்கள். டிரைவரைச் சீட்டில் உட்கார வைத்து ஒரு தடவை கேளுங்கள், போதும்.

புழையோரம் (கொழிஞ்சாம்பாறை)

குமுளி ரூட் அண்ணா, நிறுத்தத்துக்குப் பின்னால் கடக்கும் இடம் என்பதை எங்கள் வரைபடத்தில் சேர்த்துவிட்டேன்.

மட்டப்பலகை சார், கம்பத்துக்கு இடம் விடவில்லை என்றது சரியான கேள்வி. எங்கள் வீதியில் கம்பங்கள் கார் நிறுத்தும் பட்டையில், இரண்டு காருக்கு நடுவே வருகின்றன. ஆனால் 2014 சட்டத்தை வைத்து மனு எழுதச் சொல்வது இங்கே செல்லாது. அது மாநகராட்சி, நகராட்சி மாதிரியான நகர்ப்புற அமைப்புகளுக்கு. பக்கத்து சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சியில் இருந்தால் கேட்கலாம். எங்களுடையது கிராமப் பஞ்சாயத்து. அதனால்தான் அந்த அக்கா படத்தில் இருந்தாக வேண்டும் என்கிறேன். படத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை என்றால் அவரை எழுப்பிவிட ஒரு விசில் போதும்.

இப்போது செய்திருப்பது இதுதான்: ஒரே குறுக்குவெட்டுப் படத்தை நான்காக வரைந்திருக்கிறோம். விடிகாலை, மதியம், சாயங்காலம், ராத்திரி. விடிகாலைப் படத்தில் காய்கறி, மதியம் லோடு இறக்கும் வண்டி, சாயங்காலம் கார், ராத்திரி தட்டுக்கடை. அளவு நான்கிலும் ஒன்றே, 12 மீட்டர். கிராமசபையில் வைத்தபோது அக்கா வந்து விடிகாலைப் படத்தைப் பார்த்துவிட்டு, தராசு வைக்கும் பக்கம் மாறியிருக்கிறது என்று திருத்தினார். திருத்திவிட்டோம். கணக்குப் பிரிவில்தான் நிற்கிறது. ஒரு வேலைக்கு ஒரு படம்தான் சேர்க்க முடியுமாம். நான்கு படத்தோடு யாருக்காவது அனுமதி கிடைத்திருந்தால், எந்தத் தலைப்பில் எழுதிச் சேர்த்தீர்கள் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை ஃபைல் திரும்பப் போகிறது.