இளஞ்சிவப்பைப் பார்க்க வேண்டியது கண்ணா, கைப்பேசியா?

காரைக்குடி வாத்தியார்: "டைட்ரேஷனில் முடிவுநிலையைக் கண்ணால் பார்ப்பது பழைய காலம், கைப்பேசி கேமராவே போதும்" என்று நேற்று தேவகோட்டையான் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு, எவ்வளவு விட்டால் வினை முடிகிறது என்று அளப்பதுதான் டைட்ரேஷன்; வினை முடிந்ததை நிறம் காட்டும் இடம்தான் முடிவுநிலை. பெர்மாங்கனேட் ஒரு சொட்டு மிகுந்தால் குடுவையில் வருவது வெளிர் இளஞ்சிவப்பு. அதைப் பிடிக்கத்தான் பிள்ளைகள், சொட்டு விடும் அளவுக் குழாயான பியூரெட் முன்னால் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். கேமரா வெண்மைச் சமநிலையை, அதாவது எதை வெள்ளையாகக் காட்டுவது என்ற கணக்கை, தானாக மாற்றிக்கொள்ளும். பின்னால் சிவப்பு ஆத்தங்குடிக் கல் தெரிந்தால் போதும், அந்த நிறமே மாறிவிடும்.

தேவகோட்டையான்: ஐயா, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். வெண்மைச் சமநிலையை மாறாமல் நிறுத்தவும் பல கைப்பேசிகளில் வழி இருக்கிறது. காப்பர் சல்பேட் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால்தான் நீலமாகத் தெரிகிறது. செறிவு கூடக் கூடப் படத்தில் சிவப்பின் மதிப்பு இறங்கும். செறிவு தெரிந்த சில கரைசல்களை வைத்து வரைபடம் போட்டால், தெரியாததைக் கண்டுபிடித்துவிடலாம். கரைசலின் நிற அடர்த்தியை அளக்கும் நிறமானி வாங்க எத்தனை பள்ளிகளில் பணம் இருக்கிறது?

காரைக்குடி வாத்தியார்: நான் கேட்டது இளஞ்சிவப்பு. நீங்கள் நீலத்துக்கு ஓடுகிறீர்கள். நீட் விவாதத்திலும் இப்படித்தான் ஓடினீர்கள்.

கண்டனூர் ஆச்சி: என் பேரனுக்கு நிறக்குருடு. உங்கள் வெளிர் இளஞ்சிவப்பு அவனுக்கு வெறும் தண்ணீர். செய்முறை வகுப்பில் பக்கத்துப் பையனைக் கேட்டுத்தான் அளவை எழுதினான். அவனுக்கு என்ன பதில்?

காரைக்குடி வாத்தியார்: ஆச்சி, அவனுக்கு ஆசிரியர் துணை நிற்க வேண்டும். ஒருவனுக்காக எல்லார் கையிலும் கைப்பேசியா? அமிலம் பட்ட விரலால் அதைத் தொடுவார்கள், பிறகு காதில் வைப்பார்கள்.

கண்டனூர் ஆச்சி: அவனும் ஒரு மாணவன்தான், தம்பி.

புதுவயலான்: நிறத்தையே பார்க்காமல் மின்னழுத்தத்தை அளந்து முடிவுநிலை காணும் முறை எப்போதோ வந்துவிட்டது. 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கண்தான் பெரிது என்கிறார் வாத்தியார்!

காரைக்குடி வாத்தியார்: எங்கள் ஊர் ஆய்வகத்தை இதில் இழுக்க வேண்டாம். அங்கே இருப்பவை அளவீடு சரிபார்த்த கருவிகள். அங்கே போகிறவனும் முதலில் பியூரெட்டைப் பிடித்துப் பழகியவன்தான்.

தேவகோட்டையான்: "எங்கள் ஊர்" என்று மார்தட்ட வேண்டாம். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்தது கோட்டையூரில்.

காரைக்குடி வாத்தியார்: கோட்டையூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். தேவகோட்டைக்கு அதில் என்ன பங்கு?

புதுவயலான்: கேள்வி கைப்பேசியைப் பற்றியது.

காரைக்குடி வாத்தியார்: இளஞ்சிவப்பைப் பற்றியது! அரை நிமிடம் நிலைக்கிறதா, மறைகிறதா என்று குடுவையைச் சுழற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு கை பியூரெட் குழாயில், மறு கை குடுவையில். கைப்பேசியை எந்தக் கையால் பிடிப்பீர்கள்?

தேவகோட்டையான்: தாங்கியில் பொருத்திவிட்டு. பியூரெட்டை மட்டும் கையிலா பிடித்திருக்கிறீர்கள்?

காரைக்குடி வாத்தியார்: தாங்கியைப் பற்றி நான் கேட்கவில்லை. இளஞ்சிவப்புக்கு இன்னும் பதில் வரவில்லை.