கலைச்சொல் விவாதம்: மேசைக்கணினியின் ‘சிக்னல் வீக்’கைத் தமிழில் எப்படி எழுதுவது?

கல்லடியிலிருந்து:

வணக்கம் நண்பர்களே,

மாணவர்களுக்கான கணினிப் பழுதறி கையேட்டில் வைஃபைப் பகுதி மட்டும் இழுபடுகிறது. ‘வலுவற்ற சைகை’ என்று போட்டு முடித்துவிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயர் வைக்கிறது. மருந்தும் அதனால் மாறிப் போகிறது.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் கேசிங், மதர்போர்ட், கிராபிக்ஸ் கார்ட் எல்லாவற்றையும் மாற்றினான். பழைய பெட்டியில் ஒழுங்காக ஓடிய இணையம் புதியதில் தவழ்கிறது. அதே மேசையில் வைத்த கைபேசிக்கோ ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் ‘சிக்னல் வீக் தம்பி, எக்ஸ்டென்டர் ஒன்று போடுங்க’ என்று சொல்லிவிட்டார். கைபேசிக்குக் கிடைப்பது அருகில் இருக்கும் கணினிக்குக் கிடைக்கவில்லை என்றால் கோளாறு கணினியில்தான் இருக்கும். ரவுட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெட்டியைக் கிறுக்கிப் பின்பக்கம் பார்த்தேன். மதர்போர்டில் வைஃபை இருக்கிறது; புரி போட்ட இரண்டு மஞ்சள் முனைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பூட்ட வேண்டிய அன்டனா, மதர்போர்ட் வந்த அட்டைப் பெட்டிக்குள் சாட்டா வயர்களுக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடந்தது. பூட்டியதும் −80 dBm-ஐ ஒட்டி நின்ற சைகை வலிமை −50க்கு வந்தது. டெசிபல் கணக்கில் 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவும் அந்த உறைக்குள் இருந்திருக்கிறது!

அன்டனா பூட்டியும் இதே கோளாறு வரலாம். தனியாக வாங்கிச் செருகும் வைஃபைக் கார்டின் குட்டை அன்டனாக்கள் கேசிங்கின் இரும்புத் தகட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து நிற்கும். ரவுட்டர் முன் ஹோலில். நடுவில் முழுப் பெட்டியும் கிராபிக்ஸ் கார்டும். காந்த அடியும் நீள வயரும் உள்ள அன்டனாவை வாங்கி மேசைமேல் வைத்தால் தீர்ந்தது. இந்த வகைக்கு நான் சொல்லும் சொல் மறைப்பு.

இரண்டாவது வகைதான் ஆட்களை ஏமாற்றுவது. வைஃபைக் கோடுகள் நிறைய இருக்கும், ஆனால் எதுவும் இறங்காது. கேசிங் மாற்றியவர்கள் வெளி ஹார்ட் டிஸ்க்கை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகுவார்கள். பக்கத்துத் துளையில் குட்டி வைஃபை டொங்கிள். யூஎஸ்பி 3 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது எழும் இரைச்சல், வைஃபை ஓடும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலும் போய் விழும். இதைப் பற்றி இன்டெல் 2012 இல் ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. டிஸ்க்கைச் செருகினால் அந்தப் பட்டையின் இரைச்சல் மட்டம் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்வதை அதில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ரவுட்டரின் சைகை குறையவில்லை. கணினி தன் சத்தத்திலேயே தான் செவிடாகிறது. இதற்கு காதுமந்தம் என்று போடலாமா? இரைச்சல் மட்டத்துக்கு (noise floor) அடியிரைச்சல் என்று போடலாம்.

டிரைவர் பழையது, மின்சேமிப்பு அமைப்பு என்பவை மூன்றாவது வகை. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

கல்முனையிலிருந்து:

தம்பி, வணக்கம்.

மறைப்பு, சரி. கிரகணத்தைக்கூட மறைப்பு என்று சொல்லிப் படிப்பிக்கிறோம். ஒன்று குறுக்கே வந்து நிற்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ‘நிழல்’ என்று யாரும் கொண்டு வர முன்னர் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது வேண்டாம். வகுப்பில் நிழல் ஒளிக்கு உரியது. வைஃபை அலை ஓரளவு வளைந்தும் சுவரில் பட்டுத் தெறித்தும் வரும், அங்கே கூர்மையான நிழல் விழாது.

அடியிரைச்சலும் நல்லது. ‘இரைச்சல் தளம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தளம் ஏற்கெனவே இணையத்தளத்துக்குப் போய்விட்டது, கட்டடத்தின் மாடிக்கும் போய்விட்டது. இன்னும் எத்தனையை அதன் தலையில் ஏற்றுவது?

> இதற்கு காதுமந்தம் என்று போடலாமா?

இதில்தான் தடங்கல். கேட்டல் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இந்தக் கையேட்டைப் படிப்பார்கள். அவர்களை வைத்துப் பழுதுக்குப் பெயரிட வேண்டாம். பாடநூலில் உணர்திறன் என்ற சொல் உண்டு. ‘ஏற்பு உணர்திறன் இழப்பு’ என்று வைத்தால் பொருள் துல்லியமாக இருக்கும். மீடிறன் (அதிர்வெண்), சைகை போல நாங்கள் படிப்பிக்கிற சொற்களோடும் ஒட்டும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், விஞ்ஞானம் படிப்பித்தவரும்கூட. வகுப்பறையைத் தாண்டி நிற்காத சொல்லை இந்த மண்ணிலிருந்து அனுப்பக் கூடாது என்பது என் பிடிவாதம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

டீச்சர், உங்கள் சொல்லைக் கடையில் நின்று சொல்லி முடிக்க முன்னர் ஆள் பஸ் ஏறிவிடுவார். காதுமந்தம் வேண்டாம் என்பது நியாயம், எனக்கும் சம்மதம். ஆனால் ‘மந்தம்’ என்ற பாதியை விட்டுவிட மனமில்லை. வயிறு மந்தம், வியாபாரம் மந்தம் என்று தினமும் கதைக்கிறோம். வானொலிக் காலத்திலிருந்து ரிசீவருக்கு ‘வாங்கி’ என்ற சொல் இருக்கிறது. வாங்கி மந்தம் என்று வைப்போம். மந்தமானது எது என்று சொல்லிலேயே இருக்கிறது. வெறும் மந்தம் என்றால் ‘இன்டர்நெட் மந்தம்’ என்று எடுத்துக்கொண்டு பக்கேஜ் முடிந்ததையும் இதில் சேர்த்துவிடுவார்கள்.

இரண்டையும் பிரித்தறிய நான் செய்வதைக் கையேட்டில் சேர்க்கலாம். ஒரு பெரிய கோப்பை இறக்கவிட்டு வேகத்தைப் பார்ப்பேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவேன். வேகம் எழும்பினால் வாங்கி மந்தம். எழும்பாவிட்டால் பெட்டியை அரைவட்டம் கிறுக்கி, பின்பக்கம் ரவுட்டரைப் பார்க்க வைப்பேன். அப்போது கோடு கூடினால் மறைப்பு. காசு செலவில்லை. மறுகா தேவையென்றால் மட்டும் சாமான் வாங்கட்டும்.

மந்தத்துக்கு மருந்து: டொங்கிளை நீட்டு வயரில் போட்டு டிஸ்க்கிலிருந்து தள்ளி வைப்பது, அல்லது 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுவது. மாறும்போது கவனம். 5 கிகாஹேர்ட்ஸ் அலை 2.4 அளவுக்குச் சுவர் ஊடுருவ மாட்டாது. எங்கள் சீமெந்துக் கல் வீடுகளில் முன் ஹோலில் ரவுட்டரும் பின் அறையில் கம்பியூட்டரும் என்றால் 2.4இல் இருந்த கோடுகூட 5இல் இல்லாமல் போகலாம்.

கண்ணாடிக் கதவுள்ள கேசிங்தான் அலையை மறிக்கிறது என்று ஒரு கதை ஊரில் ஓடுகிறது. சாதாரணக் கண்ணாடி பெரிதாக மறிக்காது. அன்டனாவுக்குக் குறுக்கே நிற்பது பின் தகடு.

கல்லடியிலிருந்து:

காக்கா, டீச்சர், இருவருக்கும் நன்றி. காதுமந்தத்தை எடுத்துவிட்டேன். ‘வாங்கி மந்தம்’ தலைப்பில் வரும். அதன் விளக்கத்தில் ‘அடியிரைச்சல் உயர்வதால் வாங்கியின் உணர்திறன் குறைதல்’ என்று டீச்சரின் சொல்லையும் சேர்க்கிறேன். மறைப்புக்கு: ‘அன்டனாவுக்கும் ரவுட்டருக்கும் இடையில் உலோகம் நிற்பதால் சைகை குறைதல்.’ அன்டனா பூட்டாமல் விடுவதை மறைப்பில் சேர்க்க முடியாது. அதைச் சோதனைப் பட்டியலின் முதல் வரியாக, சொல் எதுவும் வைக்காமல், ‘அன்டனா பூட்டியிருக்கிறதா?’ என்று போடுகிறேன்.

டொங்கிளுக்குத் தமிழ் கேட்டு ஒருவர் தனிமடல் போட்டிருந்தார். கடையில் டொங்கிள் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், அது அப்படியே இருக்கட்டும். அன்டனாவுக்கு ‘அலைவாங்கி’ என்று எழுதலாமா என்பது மட்டும் பாக்கி. வாங்கி மந்தத்தோடு குழம்புமோ என்று பயமாக இருக்கிறது. டீச்சர், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன்.