பொதுமதிலில் தொன்ம உரு: ‘ஏற்றுரு’வா, ‘சார்த்துரு’வா?

அன்புடையீர்,

திருகோணமலை மதிலோவியங்களைப் பதிவுசெய்யும் படிவத்தில் ‘தொன்மக் குறியீடு’ என்றொரு நிரல் உண்டு. இராவணன் என்று எழுதியதும் அது நிரம்பிவிடுகிறது. எந்த இராவணன் என்பதற்கு இடமில்லை.

கோயிற் கைலாச வாகனத்தில் அவனுக்குப் பத்துத் தலை. அவன் மலைக்குக் கீழே, சிவன் மேலே. செருக்கடங்கி அருள்பெற்ற அடியவன் அவன். சம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாட்டில் வருபவனும் அவனே. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப்பிளவைக் காட்டும்போதும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தாய்க்குச் செய்த கிரியையோடு சேர்த்துச் சொல்லும்போதும் ஊருக்குச் சொந்தக்காரன் ஆகிறான். திராவிட இயக்க மேடையில் ஆரியத்தை எதிர்த்து நின்ற தமிழரசன். அங்கே சிவனின் கால்விரலுக்கு வேலையில்லை. சிங்களத் தேசியக் கதையாடலிலோ தண்டு மொனர என்ற மயிற்பொறியை ஓட்டும் விஞ்ஞானி மன்னன். 2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலையடுத்து நாட்டின் பல நகரங்களில் இளைஞர்கள் தெருமதில்களில் தீட்டியவற்றில் பழைய அரசர்களோடும் படைவீரர்களோடும் இராவணனும் இடம்பெற்றான். அதே ஆண்டு விண்ணுக்குப் போன இலங்கைச் செய்மதிக்கும் இராவணா-1 என்றே பெயர்.

உரு ஒன்று, ஏற்றப்பட்ட கொள்கை நான்கு. ஆகவே, பழைய உரு ஒன்றின்மேல் இன்றைய அரசியற் கோரிக்கை ஏற்றப்பட்டிருந்தால் அதை ‘ஏற்றுரு’ என்போமா?

— திருமலையிலிருந்து

* * *

> ‘ஏற்றுரு’ என்போமா?

ஐயா, தேவை புரிகிறது. சொல்தான் இடிக்கிறது. ‘ஏறு’ வேற்றுமை ஏற்கும்போது ‘ஏற்று’ ஆகும். ஏற்றுக்கொடியோன் என்றால் இடபக்கொடி உடைய சிவன். கோணேசர் வீற்றிருக்கும் ஊரில் ‘ஏற்றுரு’ என்று எழுதினால் நந்தியைத்தான் தேடுவார்கள். இன்னொன்று, ‘ஏற்ற’ என்பது ‘பொருத்தமான’ என்றும் நிற்கும். மாணவர் ‘ஏற்ற உரு’ எனப் பிரித்து நேர்மாறாக விளங்கிக்கொள்வர்.

‘சார்த்துரு’ பாருங்கள். பழியைச் சார்த்துகிறோம், சுவரில் ஏணியைச் சார்த்துகிறோம். பொருள் உருவுக்குள்ளிருந்து வரவில்லை, வெளியிலிருந்து வைக்கப்பட்டது என்பது அதில் உண்டு. வினையும் எளிதாகக் கிடைக்கிறது: ‘இராவணன்மீது இனமரபு சார்த்தப்பட்டுள்ளது.’ ‘ஏற்றுரு’வை வைத்து அப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், முறுக்கிக்கொள்ளும்.

ஆனால் எல்லை வேண்டும். மதிலடியில் சிறுநீர் கழிக்காமலிருக்கத் தீட்டிய பிள்ளையாரும் பொதுமதிலில் உள்ள தொன்ம உருதான். அவர்மீது கொள்கை எதுவும் இல்லை, காவல் வேலை மட்டும்! அவரையும் இந்த நிரலுக்குள் தள்ளினால் சொல் பயனற்றுப்போகும்.

* * *

சொல்லை விட அதைச் சோதிக்கும் முறை முக்கியம். களத்தில் நான் பார்க்கச் சொல்வது இவை. முதலில் மதில் யாருடையது: கோயில், பாடசாலை, படைமுகாம், தனியார். ஒரே உரு கோயில் மதிலில் வழிபாடாகவும் முகாம் மதிலில் உரிமைகோரலாகவும் படிக்கப்படும். அடுத்து தலை எண்ணிக்கை, கைப்பொருள், ஊர்தி. பிறகு பக்கத்தில் நிற்பவர். பெரும்பாலும் விடை அங்கேதான் கிடைக்கும். மெக்சிக்கோவில் 1921 இல் கல்வியமைச்சரான வஸ்கொன்சேலோஸ் அரச கட்டடச் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். தேசிய மாளிகைப் படிக்கட்டில் டியேகோ ரிவேரா ஒருபக்கச் சுவரில் கெட்சல்குவாட்டில் என்ற பழம் மெக்சிக்கத் தெய்வத்தையும் எதிர்ப்பக்கச் சுவரில் கார்ல் மார்க்சையும் வைத்தார். தெய்வத்தை மட்டும் படமெடுத்து வந்தால் அது பழங்கதை. இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் சார்த்துரு. எனவே ஒவ்வோர் உருவுக்கும் ஓர் அண்மைப்படம், மதில் முழுவதற்கும் ஒன்று, தெருவோடு சேர்த்து ஒன்று கட்டாயம். அளவுக்கு ஓர் அடிக்கோலைச் சுவரில் சார்த்தி எடுங்கள் (சொல்லும் பழகிவிடும்).

நம் கரையில் ஒரு சிக்கல் உண்டு. நிலத்து ஈரம் உப்போடு மதிலில் ஏறும். காயும்போது உப்புப் பூத்துச் சாயத்தைத் தள்ளும். அடியிலிருந்து மூன்றடி வரைதான் கூடுதலான சேதம். ஊர்தி நிற்பதும் அங்கேதான். மயில் உதிர்ந்துவிட்டால் வேல் பிடித்த முருகன் வெறும் ஈட்டிவீரன். அடுத்து தீட்டவருபவர் அவனைப் படைவீரனாக்கிவிடலாம். அப்போது சார்த்தியது ஓவியரா, உப்பா? வாடைமழை ஐப்பசியில் பிடிக்கும் முன் பதிவை முடிக்க வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சு நான்கு வாரம் காயாமல் தீட்டினாலும் இதே கதைதான்: அதன் காரம் சில நிறங்களை வெளிறச் செய்யும், படலம் கொப்புளித்து உரியும். ஒரு நிறம் மட்டும் வெளிறியிருந்தால் கொடியின் நிறத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

வெள்ளையடித்து மறைத்ததையும் பதியுங்கள். லொஸ் ஏஞ்சலிசில் 1932 இல் மெக்சிக்க ஓவியர் சிக்கேரோஸ் வரைந்த மதிலோவியத்தில் சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதன், அவனுக்கு மேலே அமெரிக்கக் கழுகு. விரைவிலேயே வெள்ளை பூசினார்கள். பிற்காலத்தில் பூச்சு உரிந்து உரு திரும்பத் தெரிந்தது. கிறிஸ்துவின் உருவை வாங்கி அரசியலைச் சார்த்தியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பூச்சே ஒரு வாசிப்பு. யாரையோ சுட்டதால்தான் பூசினார்கள்.

* * *

> மறு: சார்த்துரு

நந்தி வாதம் போதும், ‘ஏற்றுரு’வைக் கைவிடுகிறேன். கலைச்சொல் தொகுப்புக்கு இப்படி:

சார்த்துரு (பெயர்): தொன்மத்தில் அறியப்பட்ட உரு, பொதுவிடத்துச் சுவரில் மதிலுரிமை, கைப்பொருள், அயலுரு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் நிகழ்கால அரசியற் கோரிக்கையைத் தாங்கி நிற்பது. வினை: சார்த்து. எதிர்: வழிபாட்டுரு.

‘ஏதேனும் ஒன்றால்’ என்பது தளர்வு. குறைந்தது இரண்டு இருந்தால்தான் ஏற்கவேண்டும் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் படைமுகாம் மதிலில் உள்ள எந்தப் புத்தரும் எந்த வைரவரும் தானாகவே உள்ளே வந்துவிடுவார்கள். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். படிவத்தில் பழைய நிரலை எடுக்க வேண்டாம். ‘உரு’, ‘சார்த்து பொருள்’ என்று இரண்டாகப் பிரித்தால் போதும். பிள்ளையாருக்குக் ‘காவலுரு’ என்று தனி இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.