மஞ்சள் மீன் கறுத்துப்போய் மற்றவற்றைக் கலைக்கிறது, என்ன செய்யலாம்?

பரந்தன்வாசி:
வணக்கம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. உள்ளே ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி இன மீன்கள் ஆறு. கடையில் கலந்த குஞ்சுகள் என்று சொல்லித்தான் தந்தார்கள். சின்னனில் சண்டையே இல்லை. இப்போது மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட ஒன்று வயிற்றுப் பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. நோயோ என்று பயந்தேன், ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது. நடுக் கல்லுக்குள் இருந்துகொண்டு கிட்ட வருகிறதையெல்லாம் கலைக்கிறது. ஒன்று செட்டை கிழிந்து ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன். அதில் பிழையா?

வவுனியாக்காரன்:
தண்ணீரில் பிழையிருக்காது தம்பி. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற கடினத் தண்ணீர். மலாவி ஏரித் தண்ணீரும் காரத்தன்மை உள்ளது, அதனால் இந்த மீன்களுக்கு அது ஒத்துவரும். உங்களிடம் கறுத்திருப்பது ஒராட்டஸ் என்ற மலாவி இனம். பெண்ணும் குஞ்சும் மஞ்சளாக இருக்கும். ஆண் தலையெடுத்தால் உடம்பு கறுத்து, கோடு வெளிறும். நோயில்லை, இடம் பிடித்திருக்கிறது.

கல்லெல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு மாதிரி அடுக்குங்கள். எல்லை குழம்பினால் எல்லாம் புதிதாக இடம் தேட வேண்டிவரும். மீன்களை விடப் பொந்துகள் கூட இருக்கட்டும், உடைந்த பானை ஓடும் போதும். கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் அடிக் கண்ணாடியில் வைத்துவிட்டு மணலைப் போடுங்கள். இவை தோண்டும், கல் சரிந்தால் தொட்டி போய்விடும்.

முள்ளியவளை அக்கா:
நிறைய மீன் விட்டால் ஒன்றே அடி வாங்காமல் அடி எல்லாவற்றுக்கும் பிரிந்துபோகும் என்று சொல்கிறார்களே?

வவுனியாக்காரன்:
பெரிய தொட்டிக்கு அது சரி அக்கா. 3 அடிக்கு வேண்டாம். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகி ஒட்சிசன் குறையும். அந்த நேரம் கரண்டும் போனால் நெரிசலில் உள்ளதெல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கும். பற்றரி எயார் பம்ப் ஒன்று எப்படியும் வாங்கி வையுங்கள்.

பரந்தன்வாசி:
அண்ணை, கல்லை மாற்றினேன். கொஞ்ச நாள் அமைதி. பிறகு மூலையைப் பிடித்துக்கொண்டு பழைய ஆட்டம். அடிபட்டதை வேறாக்கவா?

வவுனியாக்காரன்:
அடிக்கிறதை வேறாக்குங்கள். அடிபட்டதை எடுத்தால் அடுத்தது அடி வாங்கும். ஓட்டைப் பிளாஸ்டிக் கூடைக்குள் விட்டு அதே தொட்டியில் கட்டி வையுங்கள். ஒரு கிழமைக்குள் மற்றவை இடம் பிடித்துவிடும். ஆனால் ஒராட்டஸ் ஆணுக்கு 3 அடி காணாது. கொடுத்துவிடுவதுதான் என் எண்ணம்.

துணுக்காய்:
இரணைமடுக் குளத்தில் விட்டால் முடிந்தது.

முள்ளியவளை அக்கா:
தயவுசெய்து வேண்டாம். வளர்ப்பு மீனை இப்படி விட்டுத்தான் கத்தி மீனும் டாங்க் கிளீனரும் நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகின. 1952இல் கொண்டுவந்த ஜப்பான் மீனும் (திலாப்பியா) இந்த மலாவி மீன்களின் குடும்பம்தான். குளம் வற்றும்போது கரையில் அது தோண்டிய குழிகளைப் பார்த்திருப்பீர்களே, அங்கும் ஆண்தான் காவல். அதையாவது சாப்பிடலாம்.

பரந்தன்வாசி:
கடைக்காரர் மாற்றித் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு மஞ்சள் லாப் என்ற இன்னொரு மலாவி மீன் இரண்டு எடுக்கலாமா?

வவுனியாக்காரன்:
எடுங்கள், அது சாதுவான இனம். விடும்போது லைட்டை அணைத்துவிட்டுக் கல்லை இன்னொருமுறை மாற்றுங்கள். கிழிந்த செட்டையில் பஞ்சுபோல வெள்ளை வராவிட்டால் மருந்து தேவையில்லை. கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு தண்ணீரை மாற்றினால் வளர்ந்துவிடும்.