பை நாளும் பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளையும்

கேள்வி: மேலூர் கணக்கு டீச்சர்

மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மார்ச் 14 பை (π) நாள்; வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.14 என்ற எண்ணுக்கான நாள். 1988-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. 2019-இல் யுனெஸ்கோ அதே நாளை சர்வதேச கணித தினமாக அறிவித்தது.

போன வருஷம் பிள்ளைகளை வளையல், தூக்குவாளி மூடி, சைக்கிள் டயர் கொண்டுவரச் சொன்னேன். பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி வாழைநாரோடு வந்தாள். நாரைச் சுற்றி, நகத்தால் குறி வைத்து, ஸ்கேலில் நீட்டி அளந்து விட்டத்தால் வகுத்தாள். வளையலுக்கு 3.2, டயருக்கு 3.14. "பெரிசா இருந்தா தப்பு கம்மியாகுது டீச்சர்" என்றாள். நான் சொல்லித்தரவே இல்லை!

அவள் அப்பா கேட்கிறார்: "கணக்குப் படிச்சா வாத்தியார் வேலையை விட்டா வேற என்னம்மா இருக்கு?" என்ன சொல்லட்டும்?

பதில்: கப்பலூர் பட்டறை

வணக்கம் டீச்சர். தகடு உருட்டி டிரம் செய்கிறோம். வெளிவிட்டம் 600 மி.மீ., தகட்டின் கனம் 6 என்றால், கனத்தின் நடுவில் எடுத்த விட்டமான 594-ஐத்தான் 3.1416-ஆல் பெருக்க வேண்டும்: 1866. புதிதில் 600-ஐப் பெருக்கி வெட்டிவிட்டேன். 19 மி.மீ. மிச்சம், வாய் சேரவில்லை. ஏன் நடுக்கனத்தில் அளக்கணும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எங்கள் தொழிலில் எப்போதும் இடம் உண்டு.

பதில்: உசிலம்பட்டி, இப்போது சென்னை

டீச்சர், நான் பிளஸ் டூ வரை தமிழ் வழி. சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது; தனி நுழைவுத்தேர்வு, கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்பு. ஐசர் (IISER) எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஐஏடி (IAT) என்று ஒரு நுழைவுத்தேர்வு. என்னோடு படித்தவர்களில் ஒருத்தி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரி (ஆபத்துகளின் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பிரீமியம் குறிப்பவர்), இன்னொருவர் தகவல் பாதுகாப்பில், நான் ஆராய்ச்சியில். முதல் வருஷம் ஆங்கிலம்தான் படுத்தியது, கணக்கு இல்லை. அதை இப்போதே அவளுக்குச் சொல்லிவையுங்கள்.

அப்புறம், வகுப்பில் இதைப் போட்டுப் பாருங்கள்: 9801-ஐ 1103-ஆல் வகுத்து, விடையை 2√2-ஆல் வகுக்கணும். பை மதிப்புக்காக ராமானுஜன் 1914-இல் தந்த தொடரின் முதல் உறுப்பை மட்டும் வைத்துக் கிடைப்பது இது. அதே தொடரை வைத்து 1985-இல் கோஸ்பர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் பையை 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார்.

டீச்சர்:

இப்பவே போனில் போட்டுப் பார்த்தேன்: 3.1415927! புல்லரித்துவிட்டது. கப்பலூர் அண்ணே, 14-ஆம் தேதி ஒரு தகட்டோடு பள்ளிக்கு வர முடியுமா? அவள் அப்பாவையும் அன்றைக்கே வரச் சொல்கிறேன்.